வைக்கோலும் ஒரு சோதனைதான்

கார் நிறுவனம் ஒன்றின் வேலிடேஷன் பிரிவில், அதாவது புது வண்டியை விற்பனைக்கு முன் சோதித்துப் பார்க்கும் பிரிவில், பல வருடம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைச் சோதிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்பது மலையையும் பாறையையும் பற்றித்தான். அவையும் உண்டு. ஆனால் பாறையில் தோற்ற வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. 2020-ல் வந்த மகிந்திரா தாரின் முன்பக்க ஏறுகோணம், அதாவது முன்பகுதி இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 41.8 டிகிரி; தண்ணீரில் இறங்கக்கூடிய ஆழம் 650 மி.மீ. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு அந்த ஆழம் 900 மி.மீ. வரை போகிறது. இப்படிப்பட்ட அளவுகளில் பெரும்பகுதி வண்டியின் வடிவமைப்பு வரைபடத்திலேயே முடிவாகிவிடும். வரைபடத்தில் வராதவை சேறு, உப்பு, வைக்கோல். முதல் இரண்டுக்காகத்தான் வண்டியைக் காவிரிப் படுகைக்கு ஓட்டிவந்தோம்; மூன்றாவது அங்கே தானாக வந்து சேர்ந்தது.

வண்டி ஊருக்கு வருவதற்கு முன்பே பாதி ஆயுளைக் கழித்திருக்கும். முதலில் பழைய வண்டியின் உடம்புக்குள் புது இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் பொருத்தி ஓட்டுவார்கள். அதற்கு மியூல் என்று பெயர். பிறகு முழு மாதிரி வண்டி. அதன் நான்கு சக்கரத்துக்கும் கீழே ஹைட்ராலிக் தூண்களை வைத்து, மோசமான சாலையில் பதிவான அதிர்வை இரவும் பகலும் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். அதன்பின் சோதனைத் தடம். செய்யாறு பக்கம் மகிந்திரா வைத்திருக்கும் தடம் மட்டும் 454 ஏக்கர். உடைப்பதுதான் நோக்கம், அன்றிலிருந்தே அப்படித்தான். 1940 செப்டம்பர் 23 அன்று பான்டம் நிறுவனம் முதல் ஜீப் மாதிரியை அமெரிக்காவின் ஹோலபேர்ட் முகாமில் ஒப்படைத்தபோது, ராணுவம் அதை வாரக்கணக்கில் கரடுமுரடான நிலத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித்தான் பார்த்தது.

தடத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நேற்று ஏறிய கல்தான் இன்றும். படுகைக் களிமண் அப்படியில்லை. காலையில் ஓட்டிய அதே வரப்போரம் மத்தியானம் வேறு மண். அதனால் சந்தையில் ஏற்கெனவே ஓடும் வண்டி ஒன்றையும் கூட்டிப்போய், இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே சேற்றில் இறக்குவோம். எது எவ்வளவு தூரம் போகிறது என்பது அப்போதுதான் நியாயமாகத் தெரியும்.

நடவுக்குமுன் வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டுகிற டிராக்டருக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் இருக்கிறது. எங்கள் வண்டிக்கு டயரின் மேல் புடைத்திருக்கும் பட்டன் மட்டும்தான். களிமண் அந்த இடுக்குகளை நிரப்பிவிட்டால் டயர் வழவழப்பாகிவிடும்; வேகமாகச் சுழன்று மண்ணை வீசி எறிந்தால்தான் மறுபடி பிடிக்கும். ஆனால் வழுக்குவதை உணர்ந்ததுமே இன்ஜினை அடக்குவதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் வேலை. சுழல வேண்டிய நேரத்தில் சக்கரம் நின்றுபோகும். சேற்றுக்கென்று தனி மோடு வைப்பது இதனால்தான். எவ்வளவு சுழல விடலாம் என்ற அளவை எங்கள் ஊர் வயலோரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் மாற்றி மாற்றி எழுதிய நாட்கள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை.

தண்ணீர்ச் சோதனையில் ஆழத்தைவிட முக்கியம் சூடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டிவந்து, சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் ஆறுமுன் வடிகால் வாய்க்காலில் இறக்குவோம். ஆக்சில் நடுவில் எண்ணெயில் ஓடும் பல்சக்கரப் பெட்டியான டிஃப்ரன்ஷியல் சூடாக இருந்து திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அந்தக் காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் குழாயின் வாய் தாழ்வாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ தண்ணீரைத்தான் இழுக்கும். மறுநாள் எண்ணெயை இறக்கிப் பார்த்தால் மோர் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். வாய்க்காலைக் கடக்கும்போது வண்டி எந்தக் குறையும் காட்டாது என்பதுதான் இதில் ஆபத்து.

வைக்கோலை யாரும் பட்டியலில் எழுதவில்லை. அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வைக்கோல் கிடக்கும். பிறகு உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் பரப்பிவைப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்துக்கொடுக்கட்டும் என்று. அதன்மேல் ஓட்டிப் போனால் வைக்கோல் தாள், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். கல் அடிக்காமல் இருக்க அடியில் பூட்டிய இரும்புத் தகட்டின்மேலும் போய்த் தங்கிவிடும். டீசல் வண்டியின் புகை வடிகட்டி, சேர்ந்த கரியைத் தானே எரிக்கும்போது 600 டிகிரி அளவுக்குச் சூடாகும். ஓடிக்கொண்டிருந்தால் காற்று பட்டு ஆறும். அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தினால்தான் வினை. கல்லுக்காக வைத்த தகடு வைக்கோலுக்குப் பரணாகிவிட்டது.

ஒரு மத்தியானம் கருகிய வாடை வந்தது. பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வந்து குனிந்து பார்த்தார். “தம்பி, நாங்க டீ குடிக்க நிறுத்தினாக்கூட இன்ஜின் பக்கம் இருக்கிற தூசு தும்பெல்லாம் தட்டிவிட்டுத்தான் போவோம். காரு வாங்கறவரு தினம் அடியில படுத்துத் தட்டுவாரா?” என்றார். அவர் சொன்னதைச் சோதனை அறிக்கையில் அப்படியே எழுதினேன். பிறகு வடிகட்டியைச் சுற்றிச் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பதித்து, வைக்கோலைத் திணித்து நிறுத்திப் பார்க்கிற சோதனை தனியாகச் சேர்ந்தது. தகட்டின் விளிம்பு வெட்டப்பட்டது, இடைவெளி கூடியது.

உப்புக்கு வேதாரண்யம். ஆய்வுக்கூடத்தில் 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாகத் தெளிப்பார்கள். அது தேவையான சோதனைதான். உப்பளப் பாதையில் நடப்பதோ வேறு: களிமண் உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடாது. ஓட்டமெல்லாம் முடிந்தபின் வண்டியைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, அடிச்சட்டத்தையே அறுத்துப் பார்த்தோம். வெளியில் பெயின்ட் அப்படியே இருந்தது. உள்ளே, தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளில் களிமண் கெட்டியாக அடைத்து, அதற்குப் பின்னால் துரு.

அடுத்த சட்டத்தில் துளைகள் பெரிதாயின. தண்ணீர்க் குழாயின் முனை நுழைகிற அளவுக்குப் பக்கவாட்டிலும் வாய் வைத்தார்கள். அதைத் திருத்துறைப்பூண்டியில் ஒரு சாதாரண வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், கடைப் பையனிடம் எதுவும் சொல்லாமல் கழுவக் கொடுத்தோம். மண் முழுக்க வெளியே வந்தது என்று உறுதியான பிறகுதான் அந்த வரைபடத்தில் கையெழுத்து விழுந்தது.