மெழுகை எடை போடுவதைப் பார்த்த பிறகு எழுதிய விடை

முதுகலை வரலாறு படித்தபோது கலை வரலாற்றுத் தாளில், மெழுகில் உருவம் செய்து அதை உலோகச் சிலையாக மாற்றும் மெழுகு வார்ப்பு முறையை விளக்கச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. ஏழு படிகளை வரிசையாக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். எழுதும்போது நான்காவது படி நினைவுக்கு வரவில்லை. அதோடு அடுத்த இரண்டும் இடம் மாறி, மெழுகு வெளியேறும் முன்பே உலோகத்தை ஊற்றியதாக எழுதிவிட்டு வந்தேன். பிறகு குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குத் தயாரானபோது அதே பாடம் மறுபடி வந்தது. இந்த முறை புத்தகத்தை மூடிவிட்டு, கும்பகோணத்திலிருந்து பேருந்து ஏறி, வெண்கலச் சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலைக்குப் போனேன்.

பட்டறையில் நான் முதலில் பார்த்தது தராசு. செய்து முடித்த மெழுகு உருவத்தை ஸ்தபதி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மெழுகு விட்டுட்டுப் போற இடத்துலதாம்மா உலோகம் போய் உட்காரும். அந்த இடம் எவ்வளவுன்னு மெழுகுதான் சொல்லும்" என்றார். எனக்குப் பாடம் புரிந்தது அந்த நிமிடத்தில்தான். தேன்மெழுகு தண்ணீரைவிடச் சற்றே லேசானது. வெண்கலம் தண்ணீரைப் போல ஒன்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவான கனம். ஆக ஒரு கிலோ மெழுகு உருவத்துக்கு எட்டு, ஒன்பது கிலோ உலோகம் வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசமும் மெழுகை முதலில் நிறுக்கச் சொல்கிறது. விடையில் இந்த ஒரு வரி இருந்தால், புரிந்து எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

எனவே படிகளை எண் போட்டுப் படிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் "இது இல்லாவிட்டால் என்ன கெடும்?" என்று கேளுங்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் ஏன்? மெழுகு மட்டும் இருந்தால் நம் ஊர் வெயிலுக்குத் துவண்டுவிடும். குங்கிலியம் விறைப்பைத் தருகிறது. கொஞ்சம் எண்ணெய் ஏன்? குங்கிலியம் கூடினால் நொறுங்கும், எண்ணெய் அதை இளக்குகிறது. மெழுகு உருவத்தின் மேல் மண்ணைப் பூசித்தான் அச்சு செய்கிறார்கள். அதன் முதல் பூச்சுக்குக் காவிரி வண்டல் ஏன்? மெழுகில் கீறிய நகையின் நெளிவு வரை மண்ணில் பதிய வேண்டும், அதற்கு மாவு போன்ற மண் வேண்டும். அடுத்தடுத்த பூச்சுகளில் மணல் சேர்ந்து கரடாகிறது, அது பலத்துக்காக. பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பி கட்டுகிறார்கள். முதல் பூச்சை நிழலில் காயவைப்பது ஏன் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

வறட்டி மூட்டத்தில் அச்சைச் சுடும்போது மெழுகு உருகி வழிகிறது. நான் தவறவிட்ட நான்காவது படி இதுதான். அச்சு ஆறுவதற்குள் மண்ணில் புதைத்து, வாயை மேலே விட்டு, உலோகம் உருக்கும் கலமான மூசையிலிருந்து உருகிய உலோகத்தை மெல்லிய தாரையாக, நிறுத்தாமல் ஊற்றுகிறார்கள். அச்சு குளிர்ந்திருந்தால் உலோகம் விரல் நுனிக்குப் போய்ச் சேரும் முன்பே உறைந்துவிடும். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே குழி விழும். சிலையை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும். மெழுகும் ஏற்கெனவே போய்விட்டது. அதனால்தான் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. "அச்சை மறுபடி பயன்படுத்தலாம்" என்று எழுதும் பிழையை இதோடு விட்டுவிடுங்கள்.

உலோகத்தைப் பற்றி இரண்டு வரி போதும். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்ந்தால் அந்த அளவு குறைகிறது. காரீயம் ஓட்டத்தைக் கூட்டுகிறது.

முழுக்க உலோகமான கன வார்ப்புக்கும் உள்ளே கூடான பொள்ளல் வார்ப்புக்கும் உள்ள வேறுபாட்டை நிதானமாகப் படியுங்கள், கேள்வி அதிகம் அங்கேதான் திரும்புகிறது. பொள்ளலில் நடுவே மண் கரு இருக்கும், அதன்மேல்தான் மெழுகு. சத்தீஸ்கரில் பஸ்தர் பழங்குடியினர் வார்க்கும் தோக்ரா உருவங்கள் அப்படி, பீகாரில் கிடைத்த சுல்தான்கஞ்ச் புத்தரும் அப்படி. நம் உற்சவ மூர்த்திகள் பெரும்பாலும் கன வார்ப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே செப்புத் திருமேனிகளைக் கனம், பொள்ளல் என்று பிரித்து, பாதம் முதல் கேசம் வரை அளந்து பதிந்திருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தச் சொற்களை உங்கள் விடையில் அப்படியே பயன்படுத்துங்கள். எனக்கு அதில் தனிப் பெருமிதம் உண்டு.

அளவு பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். சிற்ப நூல்கள் தெய்வ உருவத்துக்குச் சொல்லும் அளவு முறைகளில் ஒன்றான உத்தம தசதாளம் என்றால் உயரம் 124 பங்கு. ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து அந்தப் பங்குகளைக் குறிக்கிறார்; அதற்கு ஒடியோலை என்று பெயர். எடுத்துக்காட்டுக்கு மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணோடு தொடங்கலாம், உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். படம் கேட்காவிட்டாலும் அச்சின் குறுக்குவெட்டை வரைந்துவிடுங்கள்: மெழுகு, மூன்று பூச்சு, ஊற்றும் வாய், காற்று வழி. மூன்று நிமிடம் ஆகும்.

முடிந்தால் தேர்வுக்கு முன் ஒருநாள் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரை, அதாவது காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவனைப் பாருங்கள். 1011ஆம் ஆண்டுச் சிலை. காளை இப்போது இல்லை. அதன்மேல் ஊன்றியிருந்த கை மட்டும் வெற்றிடத்தில் அப்படியே நிற்கிறது. அந்த விரல்களை அருகில் நின்று பாருங்கள். ஒருவர் மெழுகில் பிடித்த வளைவு அது.