குரோம்பேட்டைக்கு ஒரு டிக்கெட்

ஜூன் 9
திக்கிப் பேசுபவர்களுக்கான என் சிகிச்சை ஆய்வுக்கு ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். ஐந்து பையன்கள், ஒரு பெண். வயது 15 முதல் 19. திக்கல் நீடிப்பவர்களில் நாலு ஆணுக்கு ஒரு பெண் என்பார்கள், ஏறக்குறைய அதே கணக்கு. "இன்னொருத்தர் திக்கி நான் பார்த்ததே இல்லக்கா" என்றாள் அவள்.

ஜூன் 16
ஆறு பேரும் ஒரே குரலில் செய்தித்தாள் வாசித்தார்கள். ஒரு திக்கல் இல்லை. வாசலில் நின்ற அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேர்ந்து வாசித்தால் திக்கல் அநேகமாக எல்லாருக்கும் மறையும், தனியே பேசினால் திரும்பிவிடும். அதை அவரிடம் சொல்ல வேண்டியதும் என் வேலைதான். சொன்னேன்.

ஜூன் 30
ஜெராக்ஸ் கடையில் வேலை செய்யும் 19 வயதுப் பையனுக்கு நூறு அசைக்கு 2 திக்கல்தான். இவனை ஏன் சேர்த்தோம் என்றுகூட நினைத்தேன். இன்று வாய் திறந்தான். இறங்குவது குரோம்பேட்டை, இரண்டு வருஷமாக டிக்கெட் எடுப்பது அதைத் தாண்டியிருக்கும் தாம்பரத்துக்கு. 'கு' வராது, 'தா' வரும். உடனே அந்தப் பெண், "நான் பூரி கேக்க வராம இட்லியே தின்னுட்டிருக்கேன்" என்றாள். ஒரே சிரிப்பு. திக்கல் ஒரு பனிப்பாறை, பயமும் வெட்கமும் நீருக்கடியில் என்றார் உளவியலாளர் ஜோசப் ஷீஹன். பனிப்பாறையை யார் பார்த்தது? எனக்கு அந்தத் தாம்பரம் டிக்கெட் போதும். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க, ஊர மட்டும் மாத்தாதீங்க."

ஜூலை 21
பயம் குறைய, வேண்டுமென்றே திக்கும் பயிற்சி. தானும் திக்கியவரான பேச்சுச் சிகிச்சை நிபுணர் வான் ரைப்பர் கையாண்ட முறை. நானும் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். டீக்கடையில் "டீ... டீ..." என்றதுமே மாஸ்டர் "டீயா?" என்று முடித்துவைத்தார். தலையாட்டிவிட்டு வந்தேன், கழுத்தெல்லாம் வேர்வை. "அவர் முடிச்சா நீங்க விட்டுடுவீங்களாக்கா?" திரும்பப் போய்த் திக்கி முடித்தேன்.

ஆகஸ்ட் 11
ஜெராக்ஸ் கடைப் பையனின் எண்ணிக்கை 2லிருந்து 9. "சிகிச்சையில கூடுதாம்மா?" என்றார் என் ஆய்வு வழிகாட்டி. சொல்லை மாற்றித் தப்பிப்பதை விட்டுவிட்டான், அதனால் ஏறுகிறது என்றேன். ஆறு பேரை வைத்து, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லாமல், அதை எப்படி நிரூபிப்பாய் என்றார். நியாயமான கேள்வி. தவிர்த்த இடங்களை எண்ணத் தனிப் படிவம் முதல் வாரமே கொடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரவு வாட்ஸ்அப்பில் டிக்கெட் படம் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை "எங்க, எங்க" என்றாராம், இவன் விடவில்லையாம். மீந்த காசுக்கு வடை.