ஐயா அழித்த அடைப்புக்குறி

கணக்கு ஐயா காலமான செய்தி வந்த இரவு, கையில் கிடைத்த தாளில் என்னையறியாமல் எழுதினேன்: எக்ஸ் கனம் கழித்தல் 3 எக்ஸ், −2 முதல் 3 வரை. அந்த இடைவெளியில் இந்தச் சார்பின் பெருமம், அதாவது மிகப்பெரிய மதிப்பு, எது என்பதே கணக்கு. நம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும். கரும்பலகை முன் நின்றவன் நான்.

வகையிட்டுச் சரிவைக் கண்டேன், அதைச் சுழிக்குச் சமப்படுத்தினேன், 1, −1 கிடைத்தன. −1-இல் சார்பின் மதிப்பு 2, 1-இல் −2. பெருமம் 2 என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

"3-ஐப் போட்டுப் பார்" என்றார் ஐயா.

27-இல் 9 போக 18. வகுப்பே சிரித்தது. காது சுட்டது இன்றும் நினைவிருக்கிறது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. சாக்கட்டியை வாங்கிக்கொண்டு, பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி 1615-இல் நூல் வெளியிட்ட வானியலாளர் கெப்ளரின் கதையைத் தொடங்கினார். பெருமத்துக்கு அருகே அளவுகளைச் சற்று மாற்றினாலும் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதைக் கெப்ளர் கவனித்திருந்தார். சரிவு சுழியாவதன் பொருளே அதுதான் என்று அன்று விளங்கியது. அதற்குமுன் எனக்கு அது வெறும் சமன்பாடு.

"ஆனால் ஓரத்துக்கு இது பொருந்தாது. 3-இல் சரிவு 24. ஏறிக்கொண்டிருக்கும்போதே பாதை முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஓரத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்" என்றார்.

பிறகு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும் சதுர அடைப்புக்குறிகளை இடைவெளியிலிருந்து விரலாலேயே அழித்து, முனைகளைச் சேர்க்காத வளைந்தவற்றைப் போட்டார். இரண்டு முனைகளும் வெளியே போய்விட்டன. "இப்போது பெருமம் எது?"

மணி அடித்தது. மறுநாள் வேறு பாடம். அவர் கேட்கவில்லை, கூச்சத்தில் நானும் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டே புறப்பட்டு வந்துவிட்டேன். விடை புரிந்தது இங்கே, பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில். இரண்டு முறை ஊர் சென்றேன். இரண்டு முறையும் நாள் போதவில்லை என்று ஐயா வீட்டுக்குப் போகாமலே திரும்பினேன். அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

பெருமம் இல்லை, ஐயா. 18-க்கு எவ்வளவு அருகிலும் போகலாம், 18-ஐத் தொட முடியாது. சிறுமம் −2 மட்டும், 1-இல், அப்படியே இருக்கிறது.