266.50 யூரியா எனக்கு 340 ஆன கதை

நவரை நெல் அறுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உரக்கடைக்காரர் நீள நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். நீல மையில் என் பெயர், கீழே ஐந்து வரி, கோடு போட்டு 5530. டீ சொல்லட்டுமா என்று வேறு கேட்டார். யூரியா நான்கு மூட்டை, மூட்டை 340. டி.ஏ.பி. உரம் இரண்டு, மூட்டை 1520. 45 கிலோ யூரியா சாக்கின் மேலேயே 266 ரூபாய் 50 காசு என்று போட்டிருக்கிறது. நான் வாங்கியபோது டி.ஏ.பி. சாக்கில் இருந்த விலை 1350. டீ வேண்டாம் என்றேன்.

எனக்கு வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் இரண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். கடையில் கடன் வைக்கும் ஆசை எனக்கு இல்லை. நவம்பரிலேயே கூட்டுறவு சங்கத்துக்குப் பயிர்க்கடன் கேட்டுப் போனேன். சொன்ன தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை, இதைவிட நல்ல கடன் உலகத்தில் கிடையாது. கடனில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாகவே தருவார்கள். ஆதார், பாஸ்புக், போட்டோ எல்லாம் சரி. சிட்டா ஆன்லைனில் எடுத்தது, அதுவும் சரி. மாட்டிக்கொண்டது அடங்கலில், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதித் தருகிற தாள்.

அடங்கலில் பசலி 1433 என்று எழுதியிருந்தது. பசலி என்பது வருவாய்த்துறையின் வருஷக் கணக்கு, ஜூலையோடு 1434 பிறந்துவிட்டது. "இது போன பசலிப்பா, செல்லாது" என்று செயலாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு எண். வி.ஏ.ஓ.வுக்குப் பக்கத்துக் கிராமமும் கூடுதல் பொறுப்பு, எந்த நாள் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். முதல் தடவை பூட்டு. இரண்டாம் தடவை கலெக்டர் ஆபீஸ் மீட்டிங். மூன்றாம் தடவை ஆள் இருந்தார், சீல் மற்ற கிராமத்து ஆபீஸில் இருந்தது. அடங்கல் வாங்கிய கையோடு, அந்த இடத்தை விட்டு நகரும் முன்னாலேயே பசலி எண்ணையும் சர்வே எண்ணையும் படித்துப் பார்த்துவிடுங்கள். நான் செயலாளர் சொன்ன பிறகுதான் படித்தேன்.

அதை முடித்தால் அடுத்தது கூட்டுப் பட்டா. எங்கள் சித்தப்பா பெயரும் அதில் இருக்கிறது, அவர் பெங்களூரில் செக்யூரிட்டி வேலையில். அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பொங்கலுக்குத்தான் வருவேன் என்றார் அவர். பொங்கல் வரை நாற்று காத்திருக்குமா? டிசம்பர் கடைசியில் நட்டாக வேண்டும், அடியுரம் அன்றைக்கே போட வேண்டும். அந்த நேரத்தில் சங்கத்தில் டி.ஏ.பி.யும் இல்லை, காட்பாடிக்கு ரயிலில் உரம் வந்தால்தான் என்றார்கள்.

அப்படித்தான் கடைக்குப் போனேன். ஒரு விஷயத்தில் கடையைக் குறை சொல்ல முடியாது. பசலி கேட்கவில்லை, சித்தப்பாவைக் கேட்கவில்லை. "அறுத்துட்டுக் குடுப்பா, எங்க ஓடிடப் போற" என்றார் கடைக்காரர். விலை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கடன் கேட்டு நிற்கிறவன் விலை கேட்பதற்கு வாய் வராது, அதுதான் உண்மை.

கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தேன், எடுக்கவில்லை. பயிர் இல்லாத நாளில் கட்டட வேலைக்குப் போவேன், சிமெண்டில் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. சட்டையில் துடைத்தேன், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினேன், ஊஹும். கடைப் பையன்தான் "மோதிர விரலை வைணா" என்றான். உடனே எடுத்துக்கொண்டது. ஆதாரில் பத்து விரலும் பதிவாகி இருக்கிறது, ஒரு விரல் எடுக்கவில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது கூடவே இரண்டு நானோ யூரியா பாட்டில், ஒரு ஜிங்க் பாக்கெட், ஒரு வாளி குருணை மருந்து. நான் கேட்கவே இல்லையே என்றேன். "இது எடுத்தாத்தான் யூரியா. எனக்கே கம்பெனில லோடு எறக்கச்சொல்ல பாட்டில் பெட்டிய தலைல கட்டி உட்டுட்றாங்க, நான் எங்க போய் விக்கிறது?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை என்றுதான் நினைக்கிறேன். யூரியா விலையை அரசு கட்டிப்போட்டிருக்கிறது, அதில் கடைக்குக் கிடைப்பது சொற்பம். லாபம் பாட்டிலிலும் பாக்கெட்டிலும்தான். கம்பெனி டீலர் தலையில் கட்டும், டீலர் கடைக்காரர் தலையில், அவர் என் தலையில். எனக்குக் கீழே யாரும் இல்லை, நெற்பயிர்தான் இருக்கிறது.

(நம் பக்கத்து ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் பாஸ்பேட் ஆலை வந்துவிட்டது, நாட்டிலேயே முதல் ரசாயன உர ஆலை அதுதான். நூறு வருஷத்துக்கு மேலாக உரம் பார்த்த சீமையில் இருந்துகொண்டு பில் கேட்கத் தெரியாமல் நின்றேன்.)

பில் என்று கடைக்காரர் எதுவும் தரவில்லை. ஆனால் மெஷின் துப்பிய சின்னச் சீட்டைப் பையன் பழக்கதோஷத்தில் என் கையில் கொடுத்துவிட்டான். விற்பனை அந்தக் கைரேகை மெஷினில் பதிவானால்தான் அரசு மானியம் கம்பெனிக்குப் போகும், 2018-லிருந்து நாடு முழுக்க இப்படித்தான். அதனால் நோட்டில் என்ன எழுதினாலும் சீட்டில் சாக்கு விலைதான் அச்சாகும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடவுக்குப் போனேன், வியர்வையில் பாதி எழுத்து காணாமல் போயிற்று. நல்லவேளை, அதற்கு முன்னாலேயே சித்தப்பா மகன் எதற்கோ போட்டோ எடுத்து வைத்திருந்தான். நீங்களும் கடை வாசலிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்தக் காகிதம் ஒரு கோடைக்குத் தாங்காது.

திரும்ப நோட்டுக்கு வருகிறேன். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாக்கு விலைப்படி ஆறு மூட்டைக்கும் சேர்த்து 3766. நோட்டுப்படி 4400. கூடுதல் 634. நான்கு மாதக் கடனுக்கு நூற்றுக்குப் பதினேழு ரூபாய், வருஷக் கணக்கில் ஐம்பது. பாட்டில் இரண்டும் 480, ஜிங்க்கும் குருணையும் 650, இவை தனி. வட்டி என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவே இல்லை பாருங்கள்.

வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் முதலில் கேட்டது "பில் இருக்கா?" போனில் சீட்டைக் காட்டினேன். 1985-ஆம் வருஷ உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சாக்கு விலைக்கு மேல் விற்கக்கூடாது, கடனுக்குக் கொடுத்தாலும் பில் கொடுக்க வேண்டும், இருப்பும் விலையும் எழுதிய பலகை கடையில் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார். எழுதிக் கொடுங்கள், கடையில் ஆய்வு செய்யச் சொல்கிறேன் என்று வெள்ளைத் தாளையும் நீட்டினார். நான் எழுதவில்லை. கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். பத்து கிலோமீட்டருக்குள் எனக்குக் கடன் தருகிற கடை அது ஒன்றுதான்.

அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். திறக்காத பாட்டில் இரண்டையும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். "ணா, சாக்கு விலை போட்டுக்குங்க. ஜிங்க்கும் குருணையும் தெளிச்சுட்டேன், அதுக்குத் துட்டு குடுத்துர்றேன். இத நீங்களே வெச்சுக்குங்க." போனில் சீட்டைக் காட்டினேன். வெள்ளைத் தாளையும் சும்மா மேஜைமேல் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அவர் சீட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பையனை ஒரு முறை முறைத்தார். பாவம் அவன்.

4416 வந்தது. 4400 போதும் என்று வாங்கிக்கொண்டு, நோட்டில் என் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். "இனிமே உனக்குக் கணக்கு கெடையாது. துட்டோட வா" என்றார். வெளியே வந்தபோது சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் வயிறு பசித்தது.

சங்கக் கடன் அடுத்த போகத்துக்குக் கிடைத்தது. சித்தப்பா பொங்கலுக்கு வந்தபோதே கையெழுத்து வாங்கி வைத்துவிட்டேன், ஜூலை பிறந்ததும் 1435 அடங்கலுக்கு முதல் ஆளாக நின்றேன். உரப் பகுதியில் டி.ஏ.பி.க்குப் பதில் காம்ப்ளக்ஸ் உரம் கொடுத்தார்கள், பரவாயில்லை. மேலுரத்துக்கு இரண்டு மூட்டை யூரியா குறைந்தது. வேறு வழியில்லாமல் ரொக்கத்தோடு அதே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மோதிர விரலை வைத்தேன், மெஷின் கிர்ரென்றது. 533 ரூபாயை எண்ணி வைத்தேன். பாட்டில் எதுவும் வரவில்லை. கிளம்பும்போது அவரே சீட்டைக் கிழித்து நீட்டினார். "இந்தா, போட்டோ எடுத்துக்க."