கீழ்ப்பாக்கம் கல்லறையில் இனி யாருக்கு இடம்?

கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதுக் குழிக்கு இடம் கிடையாது. சென்னையில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களில் பலருக்கும் இது தெரியும், ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்து, பெட்டிக்குச் சொல்லிவிட்டு, ஆயரிடம் அடக்கத்துக்கு நேரம் கேட்கும்போதுதான் உறைக்கிறது.

குடும்பக் கல்லறை இருந்தால் வழி உண்டு. முந்தைய அடக்கம் முடிந்து போதுமான வருஷம் ஆகியிருந்தால் அதே குழியைத் திறக்கலாம். எங்கள் அத்தையைத் தாத்தாவின் குழியில்தான் வைத்தோம். மேலிருந்த கல்லைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாகச் சாய்த்தார்கள், மண்ணில் கிடைத்த எலும்புகளை வெள்ளைத் துணியில் சேர்த்துக் கட்டி அடியிலேயே வைத்து, அதற்கு மேல் பெட்டியை இறக்கினார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் மகள் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்ற நிம்மதிதான் வந்தது.

அலைச்சல் எல்லாம் அதற்கு முன்னால்தான். கல்லறை ரசீது யார் பெயரில், குழி எண் என்ன, வாரிசுகள் எல்லோருக்கும் சம்மதமா? ரசீது பெரியப்பா வீட்டுப் பழைய பைபிளுக்குள் இருந்தது. அதைத் தேடியே பாதி ராத்திரி போனது.

இந்த ஊரில் கல்லறைகள் இடம் மாறுவது புதிதும் இல்லை. புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களின் முதல் கல்லறைத் தோட்டம் இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டதால், முற்றுகை முடிந்ததும் அவற்றை இடித்துவிட்டு, கல்வெட்டுகளைக் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதித்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கற்கள் மேல்தான் நடந்து கோவிலுக்குள் போகிறோம். கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகனை வைத்த சமாதி பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இடிபடாமல் நின்றுவிட்டது.

அப்புறம், தகனம். நம்மில் நிறைய பேர் அதைப் பாவம் என்றே நினைக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது. 2016-ல் ரோமிலிருந்து வந்த அறிவுறுத்தல் கேட்பது, சாம்பலைத் தூவாமல், வீட்டிலும் வைக்காமல், கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பதைத்தான். குடும்பக் கல்லறையில் ஒரு சின்னக் கலசத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நெருக்கடியான நம் ஊருக்கு இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அம்மாவிடம் நேரடியாகவே கேட்டேன். "எரிச்சிட்டு உங்கப்பா பக்கத்துல வெச்சிடுங்க, பாட்டு மட்டும் நல்லா பாடணும்" என்றார். எழுதி, கையெழுத்து வாங்கி, ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு ரசீது எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.