17ஆம் எண் சாம்பிள்

மேட்ரிஜெல் என்பது ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் ஜெல். அதோடு பழகாதவர்களுக்கு அதன் குணம் புரியாது. ஐஸில் இருக்கும்வரை தண்ணீராய் ஓடும். கொஞ்சம் சூடு பட்டால் போதும், கெட்டியாகிவிடும். பிப்பெட் டிப்பைக்கூட முன்னாலேயே ஃபிரிட்ஜில் போட்டுவைக்க வேண்டும். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரம் அதை மறந்தேன். டிப்புக்குள்ளேயே ஜெல் இறுகி, ஒரு நோயாளியின் புற்றுச் செல்கள் மொத்தமும் குப்பைக்குப் போயின. அன்று சோறு இறங்கவில்லை.

செல் கலந்த ஜெல்லைச் சொட்டுச் சொட்டாக வைத்ததும் பிளேட்டைக் கவிழ்த்துவிடுவோம். இல்லையென்றால் செல்கள் அடியில் படிந்து தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ஜெல்லுக்குள் தொங்கினால்தான் உருண்டு திரளும். அந்த உருண்டைகள்தான் ஆர்கனாய்டு. ‘குட்டி உறுப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ரத்தக்குழாய் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, அப்புறம் என்ன உறுப்பு?

ஆனாலும் பழைய செல் வரிசைகளுக்கு, அதாவது பல ஆண்டுகளாக ஆய்வகங்களில் பெருக்கிவரும் செல்களுக்கு, இது எவ்வளவோ மேல். சினைப்பைப் புற்றுநோய் ஆய்வில் பெரும்பாலும் கையாண்டது எஸ்கேஓவி3, ஏ2780 என்ற இரண்டு வரிசைகளைத்தான். 2013இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அதிகம் காணப்படும் கொடிய சீரஸ் வகைக் கட்டிக்கும் இவற்றுக்கும் பெரிதாகப் பொருத்தம் இல்லை என்று தெரிந்தது. 2019இல் நெதர்லாந்துக் குழு 32 நோயாளிகளிடமிருந்து 56 ஆர்கனாய்டு வரிசைகளை வளர்த்துக் காட்டியது. யாருடைய கட்டியோ அவருடைய மரபணுக் கோளாறுகள் அப்படியே அதில் இருந்தன.

எங்களுக்கு வந்த 17ஆம் எண், நோய் திரும்பிய ஒரு பெண்ணின் வயிற்றில் கோத்த நீர். பழுப்பு மஞ்சள், அரை பாட்டில். பெயர் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். உருண்டைகள் திரள மூன்று வாரம், மருந்து போட்டுப் பார்க்க இன்னும் ஒரு வாரம். கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். ஓரம்கூடச் சிதையவில்லை, மைக்ரோஸ்கோப்பில் கோலிக்குண்டு மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

அதற்குள் அந்த அம்மாவுக்கு அதே மருந்து இரண்டு சுற்று ஏறியிருந்தது. கட்டி குறையவில்லை என்று ஸ்கேன் பிறகு சொன்னது. எங்கள் பிளேட் சொன்னது சரிதான். அவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆய்வு முடிவை வைத்துச் சிகிச்சையை மாற்ற அனுமதியும் கிடையாது என்பது வேறு விஷயம். எங்கள் கூட்டங்களில் எவ்வளவு துல்லியம் என்றுதான் பேசுகிறோம். முடிவு வர எத்தனை நாள் என்று கேட்பவர் குறைவு.

அந்த எண்ணில் நான்கு குப்பிகள் திரவ நைட்ரஜனில் இருந்தன. வேறொரு மருந்துக்காகப் போன வாரம் ஒன்றை எடுத்து உருக்கினேன். மூன்றாம் நாளே உருண்டைகள் தென்பட ஆரம்பித்துவிட்டன.