வெளியில் ஓர் இரவு

5 நவம்பர் 2023, ஞாயிறு

பெயர் கொடுத்துவிட்டேன். வருகிற 24ஆம் திகதி வெள்ளி இரவு, லண்டனில் எங்கள் பகுதித் தேவாலயத்தின் முற்றத்தில் கார்ட்போட் மட்டை விரித்துப் படுக்கிறோம். கூடாரம் கிடையாது. நாற்பது பேர் வரை வருவார்களாம். ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் காசு சேர்க்க வேண்டும். சேர்வதெல்லாம் வீடில்லாதவர்களுக்காகக் குளிர்காலத்தில் இங்கே நடக்கும் இரவுப் புகலிடத்துக்கு. மூன்று வருடமாகப் புதன்கிழமைகளில் நான் அங்கே சமைக்கிறேன். மகளுக்குப் பதினாறு வயது. தாயோ தகப்பனோ கூட வந்தால் அவளும் படுக்கலாம் என்றதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் எழுதியதை வாசித்த பிறகு யோசிக்கவில்லை. தெருவில் கூடாரம் போட்டிருப்பவர்களில் பலர் அந்த வாழ்க்கையைத் தாங்களாக விரும்பித் தேர்ந்தெடுத்தவர்களாம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாம். போன புதன்கிழமை தட்டை நீட்டியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதில் யார் விரும்பி வந்தது?

அம்மாவிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "நாங்கள் றோட்டில படுத்தது காணாதோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மகள் சமாளிக்கப் பார்த்தாள். "அம்மம்மா, 2009 டிசம்பரில் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்குப் பக்கத்தில இளவரசர் வில்லியமும் இப்பிடி ஒரு நாள் படுத்தவர்."

"அவருக்கு விடிஞ்சால் அரண்மனை. எங்களுக்கு என்ன இருந்தது?"

இன்று இங்கே வெடி கொளுத்தும் நாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மாவின் தோள் ஒடுங்குவதைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அவர் சொல்வது 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இரவு. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம். சைக்கிளை உருட்டவும் இடமில்லை. மழை. விடியும்போது கைதடியில் ஒரு மதிலோரம் நனைந்தபடி குந்தியிருந்தோம். அந்த இரவை வைத்துத்தான் அம்மா கேட்கிறார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

8 நவம்பர், புதன்

இன்று பதினான்கு பேர். சோறு, பருப்பு, கோழிக்கறி. எங்கள் புகலிடம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. வாரத்தில் ஏழு நாளுக்கு ஏழு தேவாலயம். மாலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும். காலை எட்டு மணிக்கு மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டும். அன்றிரவு வேறு மண்டபம், வேறு மெத்தை. திங்கள் மண்டபத்தில் ஹீட்டர் இரைச்சல், சனிக்கிழமை மண்டபத்தில் குழாயில் சுடுதண்ணீர் வராது என்று வருபவர்கள் கிழமையை மண்டபத்தால் நினைவு வைத்திருக்கிறார்கள்.

புதிதாக ஒரு தமிழ்த் தம்பி. வன்னிப் பக்கம். முப்பது வயது இருக்கும். சோற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அக்கா, யாழ்ப்பாணமோ?" என்றார். பிறகு பத்து நிமிடம் பேசவில்லை, சாப்பிட்டார்.

அவருடைய கதையை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். நான்கு வருடம் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர். உள்துறை அமைச்சு தந்த ஹோட்டல் அறையில் இருந்தார். செப்டம்பரில் விசா கிடைத்தது. கிடைத்த கையோடு, 28 நாளில் அறையை விட வேண்டும் என்று கடிதம். அந்த 28 நாளுக்குள் பாங்க் கணக்குத் திறக்க வேண்டும், வேலை தேட வேண்டும், அறை தேட வேண்டும். அரசு உதவிப்பணமான யுனிவர்சல் கிரெடிட்டுக்கு எழுதிப் போட்டால் முதல் காசு கைக்கு வர ஐந்து வாரம். ஐந்து வாரம் என்றால் 35 நாள். 28ஆம் நாள் வெளியே வந்தவருக்கு 35ஆம் நாள் வரைக்கும் என்ன வழி? அறை கொடுப்பவர்கள் ஒரு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள், முற்பணம் வேறு.

ஆறு இரவு பஸ்ஸில் படுத்தாராம். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுப்புவார். இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அடுத்ததில் ஏறுவார். விசா கிடைத்த சந்தோசத்தை ஒரு நாள்கூட அனுபவிக்கவில்லை என்றார்.

16 நவம்பர், வியாழன்

காசு கேட்பது எனக்கு லேசான வேலை இல்லை. இருந்தாலும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். இதுவரை 410 பவுண். 500 என்று இலக்கு வைத்திருந்தேன், தாண்டிவிடும் போலிருக்கிறது.

உறவுக்காரர் ஒருவர் தொலைபேசியில், "குடிச்சுப்போட்டுக் கிடக்கிறவங்களுக்கு ஏன் எங்கட காசு?" என்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு அந்தத் தம்பியின் கணக்கைச் சொன்னேன். 28, 35. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இருபது பவுண் போட்டார். குடிப்பவருக்கும் இரவில் குளிரும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

அமைச்சர் திங்கட்கிழமை பதவி இழந்துவிட்டார். அதற்குக் காரணம் வேறு. அவர் போனாலும் 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு, ஊர் திரும்பிய சிப்பாய்களும் வேலையில்லாதவர்களும் தெருவில் நிறைந்திருந்த காலத்தில் போட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெருவில் படுப்பதையும் பிச்சை எடுப்பதையும் குற்றமாக்கிய சட்டம். நீக்குவதென்று 2022இல் பாராளுமன்றம் முடிவெடுத்துவிட்டது. ஆனால் நீக்கம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நாற்பது பேரும் அனுமதியோடு தேவாலய முற்றத்தில் படுக்கிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் படுப்பவர் குற்றவாளி ஆகலாம்.

வருடத்துக்கு ஒரு தடவை இலையுதிர்காலத்தில் ஓர் இரவு தெருவில் படுப்பவர்களை எண்ணுகிறார்கள். போன வருடம் இங்கிலாந்து முழுவதும் 3,069 பேர். 2010இல் 1,768. எங்கள் மண்டபத்தில் அன்றிரவு படுத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பஸ்ஸில் சுற்றுகிறவரை யார் கண்டு எண்ணுவது?

22 நவம்பர், புதன்

நான் வெள்ளிக்கிழமை வெளியில் படுக்கப் போவது தம்பிக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்.

"போர்வையை மேல அடுக்காதேங்கோ அக்கா. குளிர் நிலத்தால வாறது. கீழ மட்டை, மூண்டு நாலு அடுக்கு. சப்பாத்தைக் கழட்டி உள்ளுக்க வையுங்கோ, வெளியில விட்டால் விடிய ஈரம். போனை வயித்தோட வையுங்கோ, குளிருக்கு சார்ஜ் இறங்கும்."

பிறகு, "பேப்பரை மட்டும் உடம்பை விட்டு எடுக்காதேங்கோ" என்றவர், எனக்குப் பேப்பர் தேவையில்லை என்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார். சட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். இடுப்பில் பழைய துணிப் பட்டி. அதற்குள் பொலித்தீன் பை. விசா அட்டை, ஹோட்டலை விடச் சொன்ன கடிதம், பிறப்புப் பத்திரம், தாயின் படம் ஒன்று. குளிக்கும்போது கையில் பிடித்துக்கொண்டு போவாராம். மண்டபத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனாலும் பழகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே இருந்து ஒரு பையை எடுத்துவந்தார். மங்கிப்போன மஞ்சள் பொலித்தீன். காணி உறுதி, எங்கள் மூன்று பேரின் பிறப்புப் பத்திரம், அப்பாவின் பென்சன் கடிதம். செம்மணி வெளியில் இடுப்பில் கட்டியிருந்த அதே பை. இருபத்தெட்டு வருடம். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கண்டதில்லை.

"தம்பியிட்டச் சொல்லு, பொலித்தீன் வேர்க்கும். உள்ளுக்கு ஒரு துணியைச் சுத்தச் சொல்லு" என்றார்.

23 நவம்பர், வியாழன்

மட்டை சேர்த்தாயிற்று. தமிழ்க் கடைக்காரர் வாழைப்பழப் பெட்டி தந்தார். அதில் காற்றுக்கு ஓட்டை இருக்கும், நிலத்துக்கு ஆகாது. பக்கத்து வீட்டில் புதுக் குளிர்சாதனப்பெட்டி வந்த மட்டை கிடைத்தது. தடித்தது, ஆள் நீளம்.

24 நவம்பர், வெள்ளி இரவு (போனில் எழுதியது)

10.40. படுத்துவிட்டோம். கீழே நான்கு அடுக்கு. மகள் என் வலப்பக்கம். வானிலை 2 பாகை என்கிறது. பூச்சியம் என்று முன்னறிவிப்பு வந்தால் லண்டனில் மேலதிக இடங்களைத் திறக்கும் அவசர ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு இரவுக்கு வந்தாலே போதும். 2 பாகை குளிரில்லையா?

12.15. மதுக்கடை மூடுகிறது. போத்தல்களைத் தொட்டியில் கொட்டும் சத்தம். யாரோ வாசல் கேற்றைப் பிடித்து உலுக்கிக் கத்திவிட்டுப் போனான். மகள் என் கையைப் பிடித்தாள். எங்களுக்குக் கேற் இருக்கிறது, உள்ளே காவலுக்குத் தொண்டர் இரண்டு பேர். அவன் கையெட்டும் தூரத்தில் படுக்கிறவர் என்ன செய்வார்?

2.50. கழிப்பறைக்குப் போய்வந்தேன். முப்பது அடி, வெளிச்சம், தாழ்ப்பாள். புகலிடத்துக்கு வரும் ஒரு பெண், மாலை நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை என்று போன வருடம் சொன்னார். உடம்புக்குக் கூடாது என்று அப்போது புத்தி சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

4.30. நித்திரை இல்லை. இடுப்பு எலும்பு நிலத்தில் படும் இடத்தில் குளிர் ஊசியாய் ஏறுகிறது. திரும்பிப் படுத்தால் மற்ற இடுப்பு. மூச்சுக்காற்று பையின் விளிம்பில் நீராகி முகத்தில் படுகிறது. மகள் தூங்கிவிட்டாள். அவளுடைய தொப்பியின் மேல் பனித்துளிகள். கைதடியில் அம்மா தன் சேலைத் தலைப்பால் என் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அன்று எனக்குக் குளிர்ந்ததாக நினைவில்லை.

25 நவம்பர், சனி

ஆறு மணிக்கு அம்மா வந்துவிட்டார். என் கணவரை எழுப்பிக் காரில் வந்திருக்கிறார். கையில் இரண்டு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி, துவாயில் சுற்றிய ரொட்டி, சம்பல். இரவு முழுக்க அவரும் படுக்கவில்லையாம்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஊறிப்போயிருந்தது. பிறகு ஒவ்வொருவருக்காய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஆங்கிலம் அதிகம் வராது. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக் காட்டினார்.

காரில் வரும்போது தானாகப் பேசினார். "கைதடியால மீசாலைக்குப் போனது ஞாபகமிருக்கோ? அந்த மனுசி எங்களைக் கண்டதும் 'உள்ளுக்கு வாங்கோ' எண்டுதான் சொன்னது. எத்தினை பேர் எண்டும் கேக்கேல்லை, எவ்வளவு நாள் எண்டும் கேக்கேல்லை. மாட்டுக் கொட்டிலைக் கூட்டித் தந்தது." பிறகு, "காசை அந்த மண்டபத்துக்குத்தானே குடுக்கிறீங்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் ஐம்பது பவுண் தாளொன்றை மேசையில் வைத்தார்.

29 நவம்பர், புதன்

கணக்கு முடிந்தது. என் பக்கத்தில் 1,365 பவுண். கொடுத்த எல்லோருக்கும் நன்றி. வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளம் போட்டிருந்தால் ஒவ்வொரு பவுணோடும் அரசின் 25 பென்ஸ் சேரும். மறந்தவர்கள் தயவுசெய்து இப்போதும் போடுங்கள். காசு எங்கே போகும் என்று கேட்டவர்களுக்கு: போர்வை சலவை, காலைச் சாப்பாடு, அறை எடுப்பவர்களுக்கு முற்பண உத்தரவாதம். பெரிய பங்கு ஓர் ஊழியரின் சம்பளம். அவருடைய வேலை, ஆட்களோடு அலுவலகங்களுக்குக் கூடப் போய் இருப்பது. இது பெரிய வேலையா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

1 டிசம்பர், வெள்ளி

அந்த ஊழியரும் நானும் தம்பியைக் கூட்டிக்கொண்டு நகரசபை வீடமைப்புப் பிரிவுக்குப் போனோம். நான் மொழிபெயர்க்க. மூன்று கிழமைக்கு முன் தனியாகப் போனபோது வாசலில் வைத்தே, "உங்களுக்கு முன்னுரிமை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னுரிமை பிள்ளை உள்ளவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, வயதோ நோயோ தளர்த்தியவர்களுக்கு. உடம்பு நன்றாக இருக்கிற தனி ஆண் அதில் வரமாட்டார். ஆனால் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, முன்னுரிமை இல்லாதவருக்கும் வீடு தேட 56 நாள் உதவ வேண்டும், அவருக்கென்று எழுத்தில் ஒரு திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஊழியர் குரலை உயர்த்தாமல் அதை இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை உட்காரச் சொன்னார்கள்.

ஹோட்டலை விடச் சொன்ன கடிதத்தைக் கேட்டார் அதிகாரி. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையை விலக்கிப் பட்டியை அவிழ்த்தார். பையைத் திறந்தபோது உள்ளே வெள்ளைக் கைத்துண்டு சுற்றியிருந்தது. கடிதம் மடிப்பில் கிழியும் நிலை; ஆனால் காய்ந்திருந்தது. அதிகாரி அதை எடுத்துக்கொண்டு பிரதி எடுக்கப் போன இரண்டு நிமிடமும் தம்பி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

திட்டம் எழுதித் தந்தார்கள். அடுத்த சந்திப்பு 14ஆம் திகதி. புதுத் தாள் இரண்டையும் நாலாக மடித்துத் துண்டுக்குள் வைத்து, பையை முறுக்கி, மறுபடி இடுப்பில் கட்டினார். "கொஞ்சம் தடிச்சுப்போச்சு அக்கா" என்று சட்டையை இழுத்துவிட்டார். ஏழு மணிக்கு வெள்ளிக்கிழமை மண்டபம் திறக்கும். பஸ் நிறுத்தம் வரைக்கும் சேர்ந்து நடந்தோம்.